புருஷனைச் சுமந்த சுக்மாயா

டார்ஜிலிங் டாக்சி ஸ்டாண்டில் வந்து இறங்கி, "ஏம்மா, இந்தப் பெட்டியைத் தூக்க ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சுக்மாயா ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள். "இருக்காங்க சார். அதோ அந்த டீக்கடையில கேரம் ஆடிட்டு இருக்காங்க. கூப்பிடவா?" சொல்லிக்கொண்டே பெட்டியைச் சாய்த்து, கயிற்றை மாட்டி, பட்டையை நெற்றியில் ஏற்றிவிடுவாள். கேட்டவர் வாயை மூடுவதற்குள் பெட்டி மேட்டில் பாதி தூரம் போயிருக்கும்.

ஆள் என்னவோ ஐந்தடிக்குக் குறைவுதான். கன்னம் இரண்டும் குளிரில் வெடித்துச் சிவந்து கிடக்கும். மூக்கில் ஒரு தங்கத் திருகு, காலில் மகள் போட்டுத் தேய்த்த பள்ளிக்கூட ஷூ. இந்த உடம்புதான் இரும்பு பீரோவோடு மேடேறியது. ஃப்ரிட்ஜைச் சுமந்தது. கொல்கத்தாவிலிருந்து வந்த ஒரு பாட்டு வாத்தியாரின் ஆர்மோனியத்தை, அவர் "மெதுவா, மெதுவா" என்று கெஞ்சிக்கொண்டே பின்னால் ஓடிவர, ஒரு சுரம்கூடச் சிணுங்காமல் கொண்டுபோய் இறக்கியது. எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்குக் கஞ்சன்ஜங்கா பழகிப்போன முகம். அதைப் பார்த்து நாங்கள் வாய் பிளப்பதில்லை. சுக்மாயா பீரோவோடு போவதைப் பார்த்து ஊரே வாய் பிளந்திருக்கிறது.

அப்பேர்ப்பட்டவளால் மூன்று வருஷமாக ஒரே ஒரு சுமையை மட்டும் தூக்க முடியவில்லை. அது அவளுடைய புருஷன்.

பிர்க்கமான் தமாங் என்றால் ஒரு காலத்தில் அந்த ஸ்டாண்டே கலகலக்கும். ஜீப் டிரைவர். மூன்று பாயிண்ட், ஐந்து பாயிண்ட், ஏழு பாயிண்ட் என்று பார்க்கிற இடங்களை எண்ணி ஊரைக் கூறு கட்டி விற்கிற டிரைவர்களில் அவன் வாய்க்கு ஈடு கிடையாது. மேகம் மூடி மலை தெரியாத நாளில், "மலை குளிக்கப் போயிருக்கு அண்ணே, தலை துவட்டிட்டு வரும்" என்று சொல்லியே வங்காளக் குடும்பங்களைச் சிரிக்க வைத்து, ஏழு பாயிண்டையும் சுற்றிக் காட்டி அனுப்பிவிடுவான். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மழைநாளில் சோனாடாவுக்குக் கீழே ரோடு சரிந்தது. ஜீப் உருண்டது. வண்டியில் வேறு யாரும் இல்லாதது புண்ணியம். அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனது போனதுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்தவன் எழவில்லை, வெளியே வரவும் இல்லை. வீடு பஜாருக்குக் கீழே ஒரு படிக்கட்டுச் சந்தில். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர், சுவர் நிறையப் பாசி. "மேல ரோடு வரைக்கும் கூடையில வச்சுத் தூக்கிட்டுப் போறேன், கொஞ்சம் வெயில்ல உக்காருங்க" என்று சுக்மாயா கேட்காத நாளில்லை. அவன் பதிலும் மாறவில்லை.

"உக்கார வச்சுக் கட்டி, மேட்டுக்குத் தூக்கிட்டுப் போறது யாரைடி? செத்தவனை. நான் செத்தப்புறம் தூக்கு. அதுவரைக்கும் விடு."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. எங்கள் தமாங் ஜனங்கள் செத்தவரைப் படுக்க வைத்துக் கொண்டுபோவதில்லை. சம்மணம் போட்டு உட்கார வைத்து, துணி சுற்றிக் கட்டி, மேட்டில் கொண்டுபோய் எரிப்போம். உயிரோடு இருக்கிற மனுஷனை அதே கோலத்தில் ஊர் நடுவே கொண்டுபோனால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஆனால் சுக்மாயாவுக்கு வேறொரு பயம். அவன் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. இப்போதெல்லாம் காலையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால் பொழுது சாயும்வரை ஒரு வார்த்தை வராது. இப்படியே விட்டால் இந்த மனுஷன் சுவரைப் பார்த்தபடியே போய்விடுவான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. உயிரோடு இருக்கும்போதே அவனை ஒரு தடவை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். கோயிலுக்குப் போனாலும் புத்த மடமான கும்பாவுக்குப் போனாலும் அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

தந்திரம் செய்தது மருமகன் உத்தம். சுக்மாயாவின் சொந்த அண்ணன் மகன், மகள் பிந்தியாவை முறைப்படி கட்டியவன். கல்யாணமான கையோடு பழைய ஜீப் ஒன்று வாங்கியிருந்தான். தீபாவளி வாரத்தில் ஒருநாள் விடிந்தும் விடியாமலும் சந்தில் இறங்கி வந்து, மாமனாரின் தலைமாட்டில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டான்.

"என்னடா, அதுக்குள்ள என் பொண்ணு கைநீட்டிட்டாளா?" என்றான் பிர்க்கமான், சுவரைப் பார்த்தபடியே.

"அதெல்லாம் இல்ல மாமா. வண்டி ஒரு மாதிரி சத்தம் போடுது. மூணு மெக்கானிக் பாத்துட்டாங்க. ஒருத்தன் கிளட்ச்சுங்கறான், ஒருத்தன் கியர் பாக்ஸுங்கறான்."

"ஏத்தத்துலயா, இறக்கத்துலயா?"

"ரெண்டுலயும்தான். கர்ர்ர்... கட கடன்னு..."

"பெரிய டிரைவரு! சத்தத்தை வாயால போட்டுக் காட்டுறான். காதால கேக்காம நான் என்னத்தடா சொல்றது?"

"அதான் மாமா. வண்டி மேல ரோட்டுலதான் நிக்குது."

அடுப்படியில் சுக்மாயாவும் பிந்தியாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 

"சந்துல ஜனம் எழுந்திருக்கறதுக்குள்ள போய்ட்டு வந்துரணும்," என்றான் பிர்க்கமான் கடைசியில்.

சுக்மாயா கூடையை இழுத்து வந்து நடுவில் வைத்தாள். கால் தொங்குவதற்கு வசதியாக ஒரு பக்கம் அறுத்து, உள்ளே பலகை போட்டு, பழைய ரஜாய்ப் போர்வைத் துணியில் மெத்தைகூடத் தைத்து வைத்திருந்தாள்.

"அடிப்பாவி! நல்ல கூடையைப் போய் அறுத்து வச்சிருக்கியே!"

"கூடை போனா வேற கூடை வாங்கிக்கலாம். உக்காருங்க."

மகளும் மருமகனும் அவனைத் தூக்கிக் கூடைக்குள் வைத்தார்கள். முதுகோடு முதுகாகத்தான் சவாரி: சுமக்கிறவள் முன்னால் பார்ப்பாள், சவாரி போகிறவன் பின்னால் பார்ப்பான். சால்வையால் கட்டும்போது, யார் கண்ணிலும் படாமலிருக்கட்டும் என்று பிந்தியா துணியை அவன் முகம் வரை இழுத்தாள்.

"மூஞ்சியை மூடாதடி! பாதிப் பிணமா ஏற்கனவே ஆக்கிட்டீங்க, மீதியையும் முடிச்சிராதீங்க!"

சுக்மாயா பட்டையை நெற்றியில் ஏற்றி, முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். எழுந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கனக்கும் என்று உடம்பைத் தயார் பண்ணி வைத்திருந்தாள், கனக்கவே இல்லை. ஒரு காலத்தில் இவன் விளையாட்டுக்குத் தோளில் கை போட்டாலே அவள் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவாள். இப்போது சுற்றுலாக்காரர்களின் பெட்டி இவனைவிடக் கனம். பட்டையைச் சரிசெய்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படியேறினாள்.

ஜீப்பின் முன் சீட்டில் உட்கார வைத்ததுதான் தாமதம், பிர்க்கமானின் முதுகு நிமிர்ந்தது. "ஸ்டார்ட் பண்ணு. ரேஸ் கொடு. இன்னும் கொடு. போதும் போதும், ஆஃப் பண்ணு." பிறகு மருமகனை மேலும் கீழும் பார்த்தான். "சைலன்சர் குழாயைப் பிடிக்கிற கிளாம்பு கழண்டு கிடக்கு. தானா கழண்ட மாதிரி தெரியல. எவனோ ஸ்பேனர் போட்டுக் கழட்டியிருக்கான்."

"அப்படியா மாமா!" என்று உத்தம் வண்டிக்கு அடியில் படுத்தான். அவன் சட்டைப் பையிலிருந்து ஸ்பேனர் நழுவி ரோட்டில் விழுந்தது. பிந்தியா ஆகாயத்தைப் பார்த்தாள். சுக்மாயா செருமினாள்.

"கூட்டுக் களவாணிங்க!" என்றான் பிர்க்கமான். ஆனால் இறக்கிவிடு என்று சொல்லவில்லை. கை ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தது. "சரி, மாட்டியாச்சுன்னா ஓட்டித்தானே பாக்கணும். கூம் வரைக்கும் போய்ட்டுத் திரும்பு."

இப்படித்தான் அவர்களுடைய சுற்றுலா கிளம்பியது. வழியெல்லாம் மருமகனுக்கு அர்ச்சனை. "ஹார்ன் அடிடா, அது உன் மாமியார் இல்ல, பயப்படாத!" "வளைவுல கிளட்ச்சை ஏன் மிதிக்கிற? அது என்ன திராட்சைப் பழமா?" பதாசியா தோட்டத்தில் வண்டி நின்றதும் பழக்க தோஷத்தில் அவன் வாயிலிருந்து பழைய பாட்டு வந்துவிட்டது: "இது பதாசியா, சின்ன ரயில் சுத்தி வர்ற இடம். பத்து நிமிஷம்தான். லேட்டா வந்தா அடுத்த பாயிண்ட் கிடையாது." சொந்தப் பெண்டாட்டியிடம் சொல்கிறோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. பிந்தியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சுக்மாயாவுக்கு அங்கே கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. ஊர் முழுக்க ஓட்டல்களின் பின்படிகள் அவளுக்கு மனப்பாடம். ஊர் பார்க்க வருகிறவர்கள் பார்க்கிற இடம் ஒன்றில்கூட அவள் சும்மா உட்கார்ந்ததில்லை. சாமந்திப் பாத்திகளுக்கு நடுவே சின்ன ரயில் புகையைக் கக்கிக்கொண்டு, தன் வாலைத் தானே பார்க்க வருகிற மாதிரி வளைந்து வந்தபோது, அவள் கூடையிலிருந்த ரஜாய் மெத்தையை மார்போடு அணைத்துக்கொண்டு வாயைத் திறந்து நின்றாள். பிறந்ததிலிருந்து அதன் ஊதலைக் கேட்டிருக்கிறாள். இவ்வளவு அழகு என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. அவள் நின்ற நிலையை ஜீப்பிலிருந்து பிர்க்கமான் பார்த்தான். அன்று பத்து நிமிஷத்துக்கு மேலாகியும் அவன் கத்தவில்லை.

கூமில் மோமோ தின்றார்கள். உருளைக்கிழங்குக் காரக் குழம்பு பிர்க்கமானின் மூக்கில் நீர் வர வைத்தது. மடாலத்தை ஜீப்பிலிருந்தே கும்பிட்டார்கள். ஒரே குறை, காலையிலிருந்து மேகம். பள்ளத்தாக்கு முழுக்கப் பால் ஊற்றி மூடிய மாதிரி வெள்ளை. மலை இருக்கிற திசையே தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க அப்படித்தான்; சுற்றுலாக்காரர்கள் டிரைவர்களைத் திட்டிக்கொண்டே ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

பிற்பகலில் ஜீப் ஸ்டாண்டுக்கு வந்தபோது பிந்தியா மெல்ல ஆரம்பித்தாள். "அப்பா, மால் ரோட்டு முனையில நின்னு நாம நாலு பேரும் ஒரு போட்டோ எடுத்துக்கலாம்பா. ஒரு தடவை."

பிர்க்கமானின் முகம் இறுகியது. மேலே வண்டி போகாது. நடந்துதான் போக வேண்டும்; நடக்க முடியாதவன் கூடையில்தான் போக வேண்டும். அதுவும் இந்த ஸ்டாண்டின் நடுவே.

"நான் வரல. நீங்க போய் எடுத்துட்டு வாங்க."

"இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் கொஞ்சம்தானே," என்றாள் சுக்மாயா.

"கொஞ்சமா? இங்க நிக்கிற ஒவ்வொருத்தனும் என்னை மாலை போட்டுக் கூப்பிட்டவன்டி. அவனுங்க முன்னாடி நான் பிணம் மாதிரி கட்டி வச்சுப் போகணுமா?"

"பிணம் இவ்வளவு பேசுமாய்யா? காலையிலிருந்து அந்தப் பையன் காது ரெண்டும் கிழிஞ்சு தொங்குது!"

"விளையாடாத. வரலேன்னா வரல." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தத் திருப்பல் சுக்மாயாவுக்குத் தெரியும். வீட்டில் சுவர்ப் பக்கம் திரும்புவானே, அதேதான்.  அவ்வளவுதானா, இதற்குத்தானா இத்தனை பாடு என்று ஜீப்பை விட்டு இறங்கி நின்றாள்.

அந்த நேரம் பார்த்துச் சிலிகுரி வண்டி ஒன்று வந்து நின்றது. குரங்குக் குல்லா போட்ட ஒரு வங்காளி, அவர் மனைவி, அவருடைய வயதான அம்மா இறங்கினார்கள். கூடவே கன்றுக்குட்டி அளவில் இரண்டு பெட்டிகள். "அக்கா, மேல ஓட்டல் வரைக்கும்!" என்று அந்த மனுஷர் கைகாட்டினார்.

சுக்மாயாவின் கை தன்னால் இடுப்புக்குப் போனது. பட்டை வந்தது, கயிறு வந்தது, இரண்டு பெட்டியும் ஒன்றாகக் கட்டுப்பட்டது, அவள் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். அன்று தான் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவள் என்பதும், பின்னால் ஜீப்பில் புருஷன் இருக்கிறான் என்பதும் அவளுக்கு மறந்தே போயிற்று. வேண்டுமென்றே செய்தாளா என்று பின்னாளில் நிறையப் பேர் கேட்டார்கள். "கை போச்சு, பின்னாடியே நானும் போனேன்" என்பாள். அதற்கு மேல் அவளிடமிருந்து எதுவும் பெயராது.

"ஏய்! ஏய், பிந்தியா அம்மா!"

ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. மூன்று வருஷமாகக் கேட்காத குரல். ஏத்தத்தில் லாரிக்காரனை ஒதுங்கச் சொல்லுகிற குரல். பிர்க்கமான் ஜீப் ஜன்னலிலிருந்து பாதி உடம்பை வெளியே தள்ளிக் கத்தினான்.

"கட்டின புருஷன் கல்லு மாதிரி இங்க கிடக்கேன், எவனோ பொட்டியைத் தூக்கிட்டு ஓடுறியே! அந்தப் பொட்டிக்கா நீ வாக்கப்பட்ட?"

சுக்மாயா நின்றாள். மெதுவாகத் திரும்பினாள். "பொட்டி வாயைத் திறக்காம கூட வருது. நீங்கதான் வர மாட்டேங்கறீங்க. நான் என்ன பண்றது?"

"எவன்டி வர மாட்டேன்னான்? வந்து தூக்குடி!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். அத்தனை டிரைவர்களும் கேட்டுக்கொண்டிருக்க வாயை விட்டாகிவிட்டது. இனி பின்வாங்கினால் மானம் போகும். "அட, நம்ம பிர்க்கமான் அண்ணன்டா!" என்று டீக்கடையே காலியாகி ஜீப்பைச் சூழ்ந்துகொண்டது. யாரோ இரண்டு பேர் பெட்டிகளை வாங்கிக்கொண்டார்கள். நாலு கைகள் சேர்ந்து அவனைக் கூடையில் ஏற்றின. குரங்குக் குல்லாக்காரர் இதையெல்லாம் பார்த்துவிட்டு ஆவலாகக் கிட்டே வந்தார்.

"இந்தக் கூடை சவாரி நல்லா இருக்கே! எங்கம்மாவுக்கு முட்டி வலி. மேல போக என்ன கேப்பீங்க?"

"மன்னிக்கணும் அண்ணே," என்றான் பிர்க்கமான் கூடைக்குள்ளிருந்து. "இது தனியார் வண்டி. வேற சவாரி ஏத்தப் பெர்மிட் கிடையாது."

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. சுக்மாயா எழுந்து நடந்தாள். காலடியில் பழகிய கல், பழகிய மேடு. முதுகில்தான் எல்லாம் புதுசு. பின்னால் பார்த்தபடி போகிறவன் விட்டுவந்த ஊரையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே வந்தான். "டேய், கடைக்குப் புது போர்டு போட்டுட்டியா?" "அக்கா, உங்க மக பாஸ் பண்ணிட்டாளா?" "இந்த நாய் இன்னும் இருக்கா!" தொப்பி விற்கிற கிழவர் தாவா மட்டும், கட்டி உட்கார வைத்த ஓர் உருவம் முதுகில் போவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, குல்லாவைக் கழற்றிக் கண்ணை மூடி மணிமாலையை உருட்ட ஆரம்பித்துவிட்டார்.

சுக்மாயாவின் கால் தடுமாறியது. எது நடக்கக் கூடாது என்று இவன் மூன்று வருஷம் படுத்துக் கிடந்தானோ, அதுவே எதிரில் நின்று மந்திரம் சொல்கிறது. இப்போது இறக்கிவிடு என்பான், அத்தோடு சரி.

அவரைத் தாண்டியதும், "தாவா அண்ணே," என்றான் பிர்க்கமான், "குளிருது, குல்லாவைப் போடுங்க. நான் இன்னும் போகல. போறப்ப சொல்லி அனுப்பறேன்."

கிழவர் போட்ட அலறலில் புறாக்கள் பறந்தன. பிர்க்கமான் சிரித்தான். அந்தச் சிரிப்பு முதலில் அவள் காதுக்கு வரவில்லை, முதுகுக்கு வந்தது. விலா விலாவாகக் குலுங்கியது. மூன்று வருஷத்துக்கு அப்புறம் அவள் புருஷன் சிரிக்கிறான், அதுவும் தன் சாவை வைத்தே. நெற்றிப்பட்டைக்குக் கீழே அவளுக்குக் கண் மறைத்தது. வழி தெரியாவிட்டாலும் கால் தானாக நடந்தது.

மால் ரோட்டு முனையில் கம்பி வேலி ஓரம் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. வேலிக்கு அப்பால் வெறும் வெள்ளை. பெஞ்சில் இடமில்லை. சுக்மாயா, மேல்முனையில் குறுக்குக்கட்டை வைத்த தன் சுமைதாங்கி ஊன்றுகோலைக் கூடைக்கு அடியில் முட்டுக் கொடுத்து, நின்றபடியே இளைப்பாறினாள். "மலை குளிக்கப் போயிருக்கு போல," என்று உத்தம் மாமனாரின் வசனத்தையே அவனிடம் விட்டான். பொழுது இறங்கியது. போட்டோவுக்கு வெளிச்சம் போகிறதே என்று பிந்தியா முணுமுணுத்தாள். குளிர் ஏறியது. போகலாம் என்று யாரோ சொல்ல வாயெடுத்த நேரம்.

கூட்டத்தில் பேச்சு நின்றது. யாரும் கத்தவில்லை. ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். சுக்மாயா பட்டையைக் கையால் தாங்கி நிமிர்ந்தாள். எல்லோரும் மலையை நேர் எதிரே தேடுவார்கள். மலை அங்கே வராது. மேகத்துக்கெல்லாம் மேலே, ஆகாயம் மட்டும்தான் இருக்க முடியும் என்று நினைக்கிற உயரத்தில், மேகம் கிழிந்து ஒரு விளிம்பு தெரிந்தது. நெருப்பு நிறம். அவள் பார்த்தது கண் இமைக்கும் நேரம்தான். மறுகணம், என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே, அப்படியே ஒரு சுற்றுத் திரும்பி மலைக்கு முதுகு காட்டி நின்றுவிட்டாள். அப்போதுதானே அவனுக்குத் தெரியும்!

அவளுக்கு எதிரே இப்போது கூட்டம் மட்டும். குரங்குக் குல்லாக்கள், போலீஸ்காரர், குதிரைக்காரர், கைக்குழந்தைக்காரி, எல்லோர் முகத்திலும் ஒரே செம்மை. எல்லோரும் அவள் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகங்களில் ஏறிக்கொண்டே போன வெளிச்சத்தைப் பார்த்து, மேகம் இன்னும் விலகுகிறது, இன்னும் விலகுகிறது என்று அவள் தெரிந்துகொண்டாள். அவ்வளவு பேரை ஒரே நேரத்தில் சின்னக் குழந்தைகளாக்குகிற எதுவோ அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த மலைதான். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

அப்போதுதான் முதுகில் அசைவில்லை என்பது புரிந்தது.

காலையிலிருந்து ஓயாத வாய் மூடிக் கிடந்தது. மூச்சு விடும்போது கூடை லேசாக ஏறி இறங்குமே, அதையும் காணோம். மேடு, உட்கார வைத்துக் கட்டிய உடம்பு, சத்தமில்லை. 

"பிந்தியா அப்பா."

கூடையை முதுகால் ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

"ஏங்க... பேசுங்க. யோவ், பேசுய்யா!" திரும்பிப் பார்க்க முடியாது. இறக்கவும் முடியாது. மகளும் மருமகனும் வேலியில் சாய்ந்து மலையிலேயே கரைந்துபோயிருந்தார்கள். "பிந்தியா! அப்பாவைப் பாருடி! அப்பாவைப் பாரு!" என்று அவள் போட்ட கூச்சலில் கூட்டம் முழுக்க அவளைப் பார்த்தது.

பின்னாலிருந்து ஒரு கை தட்டுத் தடுமாறி வந்து அவள் தலையைத் தொட்டது.

"கத்தாதடி. பாத்துட்டிருக்கேன்." குரல் கரகரத்து நனைந்திருந்தது.

"எனக்கு உசுரே போயிருச்சுய்யா!"

"எனக்கு இப்பத்தான் வருது. சும்மா நில்லு."

அவள் நின்றாள். அழுதுகொண்டே, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, அசையாமல் நின்றாள். அந்த உடம்பு எத்தனையோ பாரங்களைத் தாங்கி நின்றிருக்கிறது. இப்படி ஒரு சந்தோஷத்தைத் தாங்கி நின்றதில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் அவள் தலையை மறுபடி தட்டினான்.

"திரும்பு."

"ஏன், குளிருதா? போலாமா?"

"நீ திரும்பிப் பாருன்னேன்."

"நீங்க பாருங்க. நான்தான் தினமும் பாக்குறேனே."

"தினமும் நீ தரையைத்தான்டி பாக்குற. எனக்குத் தெரியாதா? திரும்பு, மூடிடப் போவுது."

சுக்மாயா திரும்பினாள். பிந்தியா ஓடிவந்து பட்டையைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொள்ள, கழுத்தை நிமிர்த்தி முழுதாகப் பார்த்தாள். கீழே இருட்டிவிட்டது. மேலே கஞ்சன்ஜங்கா மட்டும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, யாரையும் பொருட்படுத்தாமல், யாருக்கும் ஒளிக்காமல், எரிந்துகொண்டிருந்தது. அம்மாடி என்று வந்தது அவளுக்கு; வேறெதுவும் வரவில்லை. இதன் நிழலிலேயே இத்தனை காலம் சூட்கேஸ் தூக்கியிருக்கிறோமா என்று வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. செந்நிறம் ரோஜாவாகி, ரோஜா சாம்பலாகி, மேகம் வந்து மூடும்வரை இமைக்காமல் பார்த்தாள். அவள் முதுகில், மலைக்கு முதுகு காட்டி, கூட்டத்தைப் பார்த்தபடி பிர்க்கமான் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்: "என் சம்சாரம். பாத்துக்கிட்டு இருக்கா. கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க அண்ணே."

போட்டோ எடுக்க யாருக்கும் நினைவு வரவில்லை.

இருட்டோடு எல்லோரும் இறங்கி வந்தார்கள். சந்தில் படியிறங்கும்போது அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சால்வையை இழுத்து மூடிக்கொள்ளும்படி பிர்க்கமான் சொல்லவில்லை. வீட்டில் இறக்கி, கட்டிலில் படுக்க வைத்து, காலைச் சரிசெய்து, ரஜாயைப் போர்த்தினாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. அடுப்படியில் அவள் பாத்திரம் உருட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு நீ ஸ்டாண்டுக்கு எப்பக் கிளம்புவ?"

"எப்பவும் போலத்தான். ஏன்?"

"கொஞ்சம் முன்னாடியே என்னை எழுப்பு. சவரம் பண்ணிக்கணும். இந்த மூஞ்சியோட அங்க வந்து உக்காந்தா நல்லா இருக்காது."

அவன் சொன்னது விடியக்காலைக்கு. சுக்மாயா அப்போதே அடுப்பில் வெந்நீர் வைத்தாள்.